கணவாய் படாத மாதத்து மை

இறாலின் தலையைத் திருகிக் கழற்றி, வயிற்றுப் பக்கத்தால் கோதைப் பிரித்து, முதுகுக் குடலை நகத்தால் இழுத்தெடுத்து, ஐஸ் தண்ணீர்ச் சட்டிக்குள் போடுகிற வேலையில் சின்னிவிரலுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. மற்ற விரல்கள் எல்லாம் முள்ளுக் குத்தி, உப்பு எரித்து, விறைத்துப்போய்க் கிடக்க, அது மட்டும் கலியாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒதுங்கி நிமிர்ந்து நிற்கும். அந்த வேலையற்ற விரலில்தான் எங்கள் ஊர் சிப்பியடிக்கு எல்லாம் வந்து இறங்கியது. இன்றைக்கு மத்தியானம் குடைக்காரர் தன் வாயாலே சொல்லப்போகிறாராம், ஜனாதிபதித் தேர்தலுக்குத் திரும்ப நிற்பாரா மாட்டாரா என்று. அதைக் கேட்பதற்காக ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. மீன் வாங்கி விற்கிற வாடிக்காரர் மட்டும் விடியவே நேற்றுப் பட்ட இறால் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார். இறாலுக்கு எலெக்ஷன் தெரியாது, வெயில் ஏறினால் நாறும். பிள்ளை என் மடிச்சேலையில் தூங்குகிறது. உள்ளே மச்சாள் படுத்திருக்கிறா. மை இன்று காலையில் அவவுடைய கீழ் உதட்டுக்கு வந்துவிட்டது.

குடைக்காரர் என்று நாங்கள் சொல்வது முன்பு நாட்டை ஆண்டவரை. எந்த மேடையில் ஏறினாலும், வெயிலோ மழையோ இரவோ, அவருக்குப் பின்னால் ஒருவன் கறுத்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவருடைய சின்னமும் குடைதான். அவருடைய காலத்தில்தான் சண்டை முடிந்தது, அவருடைய காலத்தில்தான் சனத்தைப் பேர் கேட்டுப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள், ஏற்றினவர்கள் இறக்கவில்லை. பிறகு அவர் தோற்றார். தோற்று, தன் ஊருக்குப் போய், வளவுக்குள் குளம் வெட்டி வாத்து வளர்க்கிறார் என்று பேப்பரில் படம் வந்தது. முழங்காலுக்கு மேலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாத்துக்குத் தீன் போடுகிற ஒரு கிழவர், அதிலும் பின்னால் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு. அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் ஊர் ஒருமாதிரி மூச்சுவிட்டது. வாத்து வளர்க்கிற ஆளைப் பற்றி யாருக்கு என்ன பயம்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், மூலையில், சின்னதாக ஒரு கேள்வி வந்தது: மூத்த தலைவர் மீண்டும் களத்தில் குதிப்பாரா? கேள்விதான், பதில் இல்லை. அவர் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனதும், போன இடத்தில் தன் பழைய மந்திரி ஒருவரோடு பூட்டிய அறைக்குள் தேத்தண்ணீர் குடித்ததும், வெளியே வரும்போது சிரித்ததும்தான் செய்தி. அடுத்த நாள் காலையில் ஊரில் பாதிப் பேருடைய இடது கைச் சின்னிவிரல் நகத்தில், வாக்குப்போடப் போன அன்று மேசையில் இருந்த பிள்ளை குச்சியால் தொட்டுப் பூசிவிட்டதே, அதே இடத்தில் அதே நிறத்தில் மை திரும்ப வந்திருந்தது.

யாரும் பயப்படவில்லை. வெட்கப்படத்தான் செய்தார்கள். பைப்படியில் தண்ணீருக்கு நின்றபோது நான் கேட்டது இது:

"என்னக்கா விரலில?"

"கணவாய் வெட்டினனான். அந்த மை."

"உங்கட பெடியன் நேற்றுக் கடலுக்கே போகேல்லையே."

"வாங்கி வெட்டினனான்."

"ஆரிட்ட வாங்கினியள்? இந்த மாசம் இந்தக் கரையில ஒரு கணவாய் பட்டதோ?"

"எடியேய், உன்ர விரலிலயும்தானே கறுத்துக் கிடக்கு. நீ ஆரிட்ட வாங்கினனியோ அவரிட்டத்தான் நானும் வாங்கினனான். வாளியை எடு, தண்ணி வழியுது."

அந்த மாதம் எங்கள் கடலில், வெட்டினால் மை கக்குகிற கணவாய் மீன் ஒன்றுகூடப் படவில்லை, ஆனால் சிப்பியடி முழுக்கக் கணவாய் வெட்டியிருந்தது. அப்படியே அது பேச்சாகிப்போனது. அங்கேயும் கணவாயோ, இங்கே கொஞ்சம் கணவாய்தான், பாவம் அந்த வீட்டில் மாமனுக்கும் மருமகனுக்கும் கணவாய். ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மை வந்தது வாக்குப் போட்டவர்களுக்கு எல்லாம் இல்லை, குடைக்குப் புள்ளடி போட்டவர்களுக்கு மட்டும் என்று. அவர் தோற்ற கடைசித் தேர்தலில் எங்கள் ஊர் வாக்குப் பெட்டியை உடைத்து எண்ணியபோது பாதிக்குப் பாதி குடையாக இருந்ததும், அத்தனை பேரும் மாதா மேல் சத்தியம் பண்ணி நான் இல்லை நான் இல்லை என்றதும், பெட்டியை வழியில் மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஊர் மானத்தோடு இவ்வளவு காலம் இருந்ததும் உண்மை. இப்போது அந்தப் பெட்டி நடந்து வந்து விரல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வாழ்நாளில் ஒருவருக்கொருவர் ஒளித்ததில்லை என்று இருந்த புருசன் பெண்சாதிகள் அந்தக் கிழமை ஒரு பாயை இரண்டு பாயாக்கினார்கள். குடை என்ற சொல்லைச் சொன்னவனுக்குக் கதிரையால் அடித்த தேத்தண்ணீர்க் கடை டொமினிக் அண்ணைக்குத்தான் ஊரிலேயே கடும் கறுப்பு; அவர் இடது கையைச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டு ஒரு கையாலேயே தேத்தண்ணீர் ஆற்றப் பழகினார். பெண்கள் நகப்பூச்சுப் பூசினார்கள், மருதோண்டி வைத்தார்கள், துணி சுற்றினார்கள். மை எல்லாவற்றுக்கும் மேலே வந்து இருந்தது. அது துணியிலோ சோற்றிலோ ஒட்டவில்லை, கழுவினால் கரையவில்லை, நோகவும் இல்லை. அது நின்ற இடம் மட்டும் குளிர்ந்துபோய், தன் சொந்தக்காரரின் பேச்சைக் கேட்காமல் இருந்தது.

போகப்போக ஊர் அதையும் பழகிக்கொண்டது. கொழும்பில் அவர் ஒரு கோயிலுக்குப் போனார் என்று வானொலி சொன்னால் மை நகத்தை விட்டு மூட்டுக்கு ஏறும். அவருக்கு உடம்பு ஏலாது, அரசியலே வேண்டாம் என்று மகள் பேட்டி கொடுத்தால் திரும்ப நகத்துக்கு இறங்கும். அவர் புதிதாக வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம் என்றால் உள்ளங்கை வரைக்கும். பேப்பரில் எழுதுகிற பெரிய படிப்பாளிகள் நிற்பார் என்றும் நிற்கமாட்டார் என்றும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, டொமினிக் அண்ணையின் கடையில் யாரும் பேப்பரை விரிப்பதை விட்டுவிட்டார்கள். விடிய வந்து கையை மேசையில் வைப்பார்கள்.

"இண்டைக்கு எப்பிடி?"

"ஒரு நெல்லளவு இறங்கியிருக்கு. வாத்துக்குக் காய்ச்சல் போல."

சிரிப்பார்கள். 

எங்கள் வீட்டில் மை வந்தது மச்சாளுக்கு மட்டும். எனக்கு அப்போது வாக்கு வயதில்லை. என்னுடைய அவர் அந்த நேரம், சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த முகாமில், காய்ச்சலாய்க் கிடந்ததால் போகவில்லை. மச்சாள் எமில்டா என்னுடைய அவருக்கு மூத்தவ. அவவுடைய புருசன் மரியநேசன் அண்ணை அந்தப் பஸ்ஸில் ஏறினவர். மச்சாள்தான் கூட்டிக்கொண்டு போய் ஆமிக்காரர் கையில் கொடுத்தா, விசாரித்துவிட்டு விடுவோம் என்றதை நம்பி. பஸ் புறப்பட்டபோது யன்னலால் தலையை நீட்டி, வாறன் என்றாராம். அந்த ஒரு சொல்லைத்தான் மச்சாள் இத்தனை காலமும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறா. சோறு போடும்போது ஒரு பிடி கூடப் போட்டு, அவர் வருவார் என்பா. கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாள் போடாமல், அவர் வருவார் என்பா. எங்கள் ஊரில் கட்டின பெண் புருசன் பேரைச் சொல்லமாட்டாள். அவர் என்றுதான் சொல்லுவாள். எல்லோருக்கும் வீட்டில் ஒரு அவர். அப்படித்தான் வழக்கம். அது எவ்வளவு பெரிய வினையாக வரும் என்று யாருக்குத் தெரியும்.

சந்தியில் காணாமல் போனவர்களுடைய உறவினர் போட்ட கொட்டிலில் மச்சாள் அண்ணையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் உட்காராத நாள் இல்லை. மை வந்த அன்றும் போனா. மற்றப் பெண்கள் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு இருக்க, மச்சாள் கறுத்த விரலைப் படத்தின் மேலேயே வைத்திருந்தா. கொட்டிலுக்குப் பொறுப்பாக இருக்கிற ஞானசௌந்தரி அக்கா, இரண்டு மகன்மாரைக் கொடுத்தவ, பார்த்துவிட்டு வாயில் கை வைத்தா.

"எமில்டா, நீயுமோ?"

"ஓம். நான் போட்டனான்."

அவ்வளவுதான். ஒரு கணவாயும் சொல்லவில்லை.

ஊருக்குப் பரிகாரம் கிடைத்தது டொமினிக் அண்ணையின் மனிசி திரேசம்மாவால். குடைக்காரருடைய கட்சி அமைப்பாளர் வாகனத்தில் வந்து விரல்களைப் படம் பிடித்துக்கொண்டு, இது எங்கள் தலைவருக்குக் கடல் தாய் வைத்த பொட்டு என்று சந்தோசப்பட்டுக்கொண்டு, கடைசியாக டொமினிக் அண்ணையைத் தேடிக் கடை வாசலில் நின்றார். அண்ணை பின்பக்கத்தால் ஓடி வள்ளத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். அமைப்பாளர் போகிறமாதிரி இல்லை. திரேசம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "எத்தினை தரம் சொல்லுறது? அவர் வரமாட்டார்!" என்று கத்தினா. கத்தின கையோடு பார்த்தால், கரண்டி பிடித்திருந்த இடது கைச் சின்னிவிரலில் இருந்து மை வழுக்கி, நகத்து நுனியில் ஒரு சொட்டாகத் தொங்கி, அமைப்பாளருடைய வெள்ளைச் சப்பாத்துக்கு மேலே விழுந்து இல்லாமலே போனது.

திரேசம்மா சொன்னது தன் புருசனை. மை எடுத்துக்கொண்டது அந்த அவரை. அதற்கு எந்த அவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று பின்னேரமே ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தது. முதலில் ஆத்திரத்தில், அவன் வரமாட்டான், அந்த நாய் வரமாட்டான் என்றெல்லாம் சொன்னார்கள், மை அசையவில்லை. பேரைச் சொல்லிப் பார்த்தார்கள், அசையவில்லை. புள்ளடி போட்ட அன்று உள்ளுக்குள் என்ன மரியாதையோடு போட்டார்களோ அந்த மரியாதையோடு சொன்னால்தான் கேட்டது: அவர் வரமாட்டார். அதைச் சொல்லப் பல்லைக் கடித்தார்கள், ஆனாலும் சொன்னார்கள். பூசை முடிந்ததும் பாதர் ஒன்றும் தெரியாதவர் மாதிரிச் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய்விட, கோயில் நிறைந்த சனம் ஒரே குரலில், காலையும் மாலையும், அவர் வரமாட்டார், அவர் வரமாட்டார் என்று செபம் மாதிரிச் சொல்லிச் சொல்லி விரலை உதறியது. கொட்டில் பெண்களும் சொன்னார்கள். அவர்கள் காத்திருந்தது மகன்மாருக்கு. மகனை எந்தத் தாய் அவர் என்பாள்? அவன் வருவான் என்று படத்துக்குச் சொல்லிவிட்டு, அதே வாயால் அவர் வரமாட்டார் என்று விரலுக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. புருசனுக்காகக் காத்திருந்து, குடைக்கும் புள்ளடி போட்டவ என்று ஊரில் மச்சாள் ஒருத்திதான்.

"அக்கா, ஒருக்காச் சொல்லுங்கோ," என்று என்னுடைய அவர் காலில் விழாத குறையாகக் கேட்டார். "ஒருக்கா. பிறகு வாழ்நாள் முழுக்க வருவார் எண்டு சொல்லுங்கோ, ஆர் வேண்டாம் எண்டது?"

"அவன் வரமாட்டான் எண்டு ஆயிரம் தரம் சொல்லுறன் தம்பி. மற்றதைக் கேக்காதை."

"அது வேலை செய்யாதக்கா."

"அப்ப இருக்கட்டும்."

ஊர் வெளுத்தது. மச்சாளுடைய விரல் மட்டும் கறுத்து நின்றது. ஒரு விரல் மிச்சம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் ரீவிக்காரர் வந்தார்கள். நல்ல பிள்ளை ஒன்று, கொழும்பில் படித்தது, மைக்கை நீட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் குனிந்து வந்து மச்சாளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தது. நான் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சேலையால் மூடியபடி இருந்தேன். என் காதால் கேட்டேன், எழும்பி ஒரு சொல் சொல்லியிருக்கலாம், கமராவைப் பார்த்து வாய் வரவில்லை.

"அம்மா, அவர் திரும்பி வருவார் என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

மச்சாள் மடியில் இருந்த படத்தைப் பார்த்தா. "வருவார்," என்றா. "சொன்னால் சொன்னதுதான். அவர் சொல்லு மாறாதவர். நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

"வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?"

"என்னத்தைச் சொல்ல. இவ்வளவு நாளும் எங்கை போனியள் எண்டு ஏசுவன். பிறகு சாப்பாடு போடுவன்."

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. அது கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் ரீவியில் போனபோது மச்சாளின் முகம் மட்டும் இருந்தது, மடி இல்லை, மடியில் இருந்த படம் இல்லை. கீழே எழுத்து ஓடியது, காணாமல் போனவரின் மனைவியே தலைவரை அழைக்கிறார் என்று. அடுத்த நாள் காலை மச்சாளுடைய கை முழங்கை வரைக்கும் கறுத்திருந்தது. அதற்கு அடுத்து லொறியில் வந்தவர்கள் ஊர் மதிலெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள்; மச்சாளின் முகம், அதற்கு மேலே விரித்த குடை, கீழே பெரிய எழுத்தில் 'அவர் வருவார்'. பசை மிச்சம் இருந்ததால் கொட்டில் தகரத்திலும் ஒன்று ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஞானசௌந்தரி அக்கா கொட்டிலில் மாட்டியிருந்த மரியநேசன் அண்ணையின் மற்றப் படத்தைக் கழற்றி, மழைக்கு நனையாமல் பொலித்தீனால் சுற்றி, எங்கள் வீட்டுப் படலை வரை தானே கொண்டுவந்தா.

"உன்னில பிழை எண்டு நான் சொல்லேல்லை எமில்டா. ஆனால் நீ அங்கை இருந்தால் எங்கட பிள்ளையளின்ர முகத்தில நாங்களே கரி பூசின மாதிரி."

"எனக்கு விளங்குது."

"அந்த ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு வந்து இரு. நான் பாயை விரிச்சு வைக்கிறன்."

"உன்ர மூத்தவன் வரமாட்டான் எண்டு நீ ஒருக்காச் சொல்லு, நான் சொல்லுறன்."

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவவின் விரல் சுத்தமாக இருந்தது. படலையைச் சாத்திவிட்டுப் போனா, அதற்குப் பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகு வேறு ஒருவரும் வராமலும் இல்லை. கறுத்த கையைப் பார்க்க எங்கிருந்தோ எல்லாம் வந்தார்கள். குடையின் ஆட்கள் தொட்டுக் கும்பிட்டார்கள், குடையை வெறுத்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்று காறித் துப்பினார்கள், வாக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் மை எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்டு ரெலிபோனில் யாருக்கோ சொன்னார்கள், சந்தியில் நெடுநாள் இல்லாமல் இருந்த சோதனைச்சாவடி, வாகனங்கள் கூடிப்போச்சு என்று சொல்லித் திரும்பவும் வந்தது. ஊர் எங்களோடு கதைப்பதைக் குறைத்தது. மச்சாளுக்கு அந்தக் கை இருந்தும் இல்லாமலாகியது; இறால் உரிக்க முடியவில்லை, தலை வாரிக்கொள்ள முடியவில்லை, குளிப்பாட்டும்போது நான் தூக்கிவிட்டால் தூக்கின இடத்திலேயே நிற்கும், கூட்டத்தில் கோஷம் போடுகிறவனுடைய கை மாதிரி. இறக்கிவிடவேணும். ஆஸ்பத்திரியில் இரத்தம் சிவப்பாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள் என் பிள்ளை முதல் சொல் சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்று சொல்லும், இல்லாவிட்டால் பால் என்று சொல்லும். எங்கள் பிள்ளை சொல் பழகுகிற நாட்களில் காலையும் மாலையும் கோயிலில் இருந்து கேட்டது ஒன்றைத்தான். மச்சாளின் மடியில் இருந்துகொண்டு, அவவின் கறுத்த விரலை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னது: "வம்மாத்தா."

வரமாட்டார் என்கிறது என்று விளங்கி மச்சாள் பிள்ளையின் வாயைப் பொத்தினா. எந்தக் கை கிட்ட இருந்ததோ அந்தக் கையால் பொத்தினா, அது மை பிடித்த கை, பொத்தின பிறகு எடுக்கச் சொல்லி அவவே சொல்லியும் அது எடுக்கவில்லை. பிள்ளை நீலம் பாரித்துப்போனது. நான் ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். பிள்ளை மூச்சு வாங்கி வீரிட்டபோது மச்சாள் சுவரோடு தலையை முட்டிக்கொண்டு அழுதா, இவ்வளவு காலத்தில் அவ அழுது நான் பார்த்தது அன்றுதான். அன்றிரவே தோள் கறுத்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் அதற்குப் பிறகு அவ வரவில்லை. பிள்ளைதான் தவழ்ந்து தவழ்ந்து அறை வாசலுக்குப் போகும்.

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னா. வாக்குப்போடுவதற்கு முதல் குடைக்காரருடைய ஆள் ஒருவர் முகாமுக்கு வந்து, தனியாகக் கூப்பிட்டு, பஸ்ஸில் போனவர்களுடைய பேரெல்லாம் தலைவர் கையில் இருக்கிறது, அவர் திரும்ப வந்தால்தான் இவர்கள் திரும்ப வருவார்கள் என்று சொன்னாராம். "நான் குடைக்குப் புள்ளடி போடேல்லைப் பிள்ளை," என்றா. "அந்தக் குடைக்குக் கீழ இவர் நனையாமல் நிண்டுகொண்டிருந்தார். இவருக்குத்தான் போட்டனான்."

இன்று காலை, உதட்டில் மையைக் கண்டதும், என்னுடைய அவர் என்னைப் பிடித்து உள்ளே அனுப்பினார். நீ சொன்னால் கேட்பா, வாய் அடைக்கமுன்னம் சொல்ல வை, இல்லாவிட்டால் மூச்சும் அடைக்கும் என்றார். வேலிக்கு வெளியே ஊர் நின்றது. திரேசம்மா, டொமினிக் அண்ணை, பைப்படிப் பெண்கள், எல்லோரும் தங்கள் வெளுத்த விரல்களோடு. நான் போய்ப் பாயில் இருந்தேன்.

"மச்சாள், குடைக்காரரை நினைச்சுச் சொல்லுங்கோ. அண்ணையை நினைக்காதேங்கோ."

"நினைப்பைப் பிரிக்க ஏலுமே? ரெண்டு பேரும் ஒரு குடைக்குள்ள நிக்கினம்." சொல் குழறியது, மேல் உதடுதான் வேலை செய்தது. "அந்த ஆள் வராட்டி, அவரை நான் ஆரிட்டக் கேக்கிறது? சொன்னவன் வந்தால்தானே சொன்னதைக் கேக்கலாம்."

"அப்ப அந்த ஆள் வரவேணும் எண்டோ கேக்கிறியள்?"

"வரக்கூடாது எண்டும் மாதாவிட்ட மண்டாடுறன், வரவேணும் எண்டும் மண்டாடுறன். பாவம், மாதாவுக்கு விசர் பிடிச்சிருக்கும்." சிரிக்கப் பார்த்தா. சிரிப்பு ஒரு பக்கத்தில்தான் வந்தது. "நீ போ. இறால் பழுதாப் போகும். சொல்லவேணும் எண்டு வந்தால் கூப்பிடுவன்."

நான் வெளியே வந்தேன். என்ன சொன்னா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினேன், இதோ அடியில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. சொல்லிவிட்டால் மச்சாள் இருப்பா, ஆனால் பஸ்ஸில் போனவரை அவவே இன்னொருதரம் ஏற்றி அனுப்பினதாகும். சொல்லாவிட்டால் அவர் இருப்பார், காத்திருக்க ஆள் இராது. இதில் எது நல்லது என்று கேட்டு அனுப்பினால் எனக்கு எப்படித் தெரியும், நான் இறால் உரிக்கிறவள். தாழ்ப்பாள் போடாத அந்தக் கதவை மட்டும் இன்றைக்கும் நான் போடாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது வீட்டுக்கு வீடு வானொலியைக் கூட்டிவிட்டார்கள். கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. வாத்துக் கத்துகிற சத்தம் முதலில் கேட்கிறது, அவருடைய வளவில் இருந்துதான் பேசுகிறாராம். பிறகு ஒரு கிழட்டு இருமல், என் அன்பான மக்களே என்கிறது. வேலியோரம் நிற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மடியில் பிள்ளை முழித்துவிட்டது. உள்ளே இருந்து மச்சாளுடைய குரல், வானொலிக்கு முந்தி, வ... என்று இழுக்கிறது. வருவார் என்பதும் அப்படித்தான் தொடங்கும், வரமாட்டார் என்பதும் அப்படித்தான் தொடங்கும், என்னை வா என்று கூப்பிடுவதும் அப்படித்தான். இதோ வாறன் மச்சாள், கை ஈரம், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாறன், எதைச் சொன்னாலும் சொல்லுங்கோ, கேட்கிறதுக்கு நான்...